போர்ட்டை எழுப்பிவிட்டவர் யார்?

"நேற்றுவரை ஓடியது, ரீபூட் செய்ததும் கன்டெய்னர் எழவில்லை." சர்வர் பராமரிப்பில் இருப்பவர்களுக்கு இது பழகிப்போன புகார். கன்டெய்னர் என்பது ஒரு மென்பொருளை அதற்குத் தேவையானவற்றோடு தனியாக அடைத்து ஓட்டும் பொதி. லாகைத் திறந்தால், முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்ற வரி நிற்கும். போர்ட்டை, அதாவது இணைப்புகள் வந்து சேரும் எண்ணிட்ட வாசலை, வேறு ஏதோ ஒரு மென்பொருள் பிடித்திருக்கிறது என்பது சரி. அதை அங்கே உட்கார வைத்தது யார் என்பதை அந்த வரி சொல்லாது. என் நேரம் போவதெல்லாம் அதைக் கண்டுபிடிக்கத்தான்.

ஒருமுறை, சர்வர்களைக் கண்காணிக்கும் ப்ராமிதியஸின் கன்டெய்னர் போர்ட் 9090இல் எழ மறுத்தது. ஹோஸ்டில், அதாவது கன்டெய்னரைத் தாங்கும் கணினியில், இருந்த காக்பிட் என்ற சர்வர் நிர்வாக மென்பொருளுக்கும் இயல்பான போர்ட் அதேதான். உடன் வேலை பார்த்த தம்பி காக்பிட் சர்வீஸை நிறுத்திவிட்டு மறுபடி முயன்றார். அதே பிழை. "சர்வீஸ் நின்னுடுச்சுண்ணா, போர்ட்டை மட்டும் விட மாட்டேங்குது" என்றார். ரூட் அனுமதியோடு, எந்தப் போர்ட் யாரிடம் இருக்கிறது என்று காட்டும் எஸ்எஸ் கட்டளையைப் போட்டுப் பார்த்தோம். 9090க்கு நேரே காக்பிட்டின் பெயரே இல்லை. சிஸ்டம்டி, ப்ராசஸ் எண் 1 என்று இருந்தது. லினக்ஸில் மற்ற சர்வீஸ்களைத் தொடங்கி நிறுத்துவது அதுதான்; அது நிர்வகிக்கும் ஒவ்வொன்றுக்கும் யூனிட் என்று பெயர். போர்ட்டில் காத்திருப்பது காக்பிட்டின் சாக்கெட் யூனிட்; யாராவது இணைந்தால்தான் அது சர்வீஸை எழுப்பும். வாசலில் காவலாளி உட்கார்ந்திருக்க, உள்ளே தூங்குபவரை வெளியேற்றி என்ன பயன்? சாக்கெட்டை நிறுத்தி, அடுத்த பூட்டில் தானாகத் தொடங்காதபடி டிசேபிளும் செய்ததும் ப்ராமிதியஸ் எழுந்துகொண்டது. சர்வீஸை நிறுத்தும்போதே, சாக்கெட் இன்னும் இயங்குகிறது என்று சிஸ்டம்டியின் கட்டளையான சிஸ்டம்சிடிஎல் எச்சரிக்கும். அவசரத்தில் அதை யார் படிக்கிறார்கள்!

போர்ட் 53 இன்னொரு வகை. இணையப் பெயர்களுக்கு முகவரி தேடித்தரும் டிஎன்எஸ்ஸுக்கு உரியது அது. உபுண்டுவில் ஹோஸ்டுக்காகப் பெயர்களைத் தேடும் சிஸ்டம்டி ரிசால்வ்டு 127.0.0.53 முகவரியில் அதைப் பிடித்திருக்கும். டிஎன்எஸ் கன்டெய்னர் எல்லா முகவரிகளிலும் 53ஐக் கேட்டால் மோதல்தான். பலர் ரிசால்வ்டையே நிறுத்திவிடுகிறார்கள். அப்புறம் ஹோஸ்டுக்கே பெயர்கள் தெரியாமல் போய், கன்டெய்னர் இமேஜைக்கூட இறக்க முடியாமல் தவிப்பார்கள். கன்டெய்னரின் போர்ட்டை ஹோஸ்டின் லேன் ஐபியில், அதாவது உள் நெட்வொர்க் முகவரியில், மட்டும் கட்டிவிடுவதே எனக்குப் பிடித்த வழி. ஹோஸ்டில் எதையும் தொட வேண்டியதில்லை.

ரீபூட்டில் வெளிப்படும் மோதல்கள் பெரும்பாலும் அதற்கு முன்பே உருவானவை. டெபியன் வகை கணினிகளில் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரை நிறுவினால் அது உடனே தொடங்கப் பார்க்கும், அடுத்த பூட்டுக்கும் எனேபிள் ஆகிவிடும். போர்ட் 80 அப்போது கன்டெய்னரிடம் இருந்தால் அது தொடங்காமல் சும்மா கிடக்கும். ரீபூட்டுக்குப் பிறகு முந்திக்கொண்டவருக்கே போர்ட். நின்றுபோன கன்டெய்னரைத் தானாக மறுபடி தொடங்கும் ரீஸ்டார்ட் பாலிசி பார்த்துக்கொள்ளும் என்றும் நம்ப முடியாது. ஒழுங்காகத் தொடங்கி, குறைந்தது 10 விநாடி ஓடிய கன்டெய்னருக்குத்தான், கன்டெய்னர்களை இயக்கும் டாக்கரில் அது பொருந்தும்.

அதனால் ரீபூட்டுக்கு முன்பே, எனேபிள் ஆகியிருக்கும் யூனிட்களின் பட்டியலைப் பார்த்துவிடுவேன். தேவையில்லாத என்ஜின்எக்ஸ் அதில் சிக்கினால் டிசேபிளோடு விடாமல், யார் கூப்பிட்டாலும் தொடங்க முடியாதபடி மாஸ்க் செய்துவிடுவேன். டிசேபிள் மட்டும் செய்தால், வேறொரு யூனிட் கூப்பிட்டதும் அது எழுந்து வந்துவிடும்.