ஒரு ‘டேக்’கும் என் சீன நண்பனின் சிஇடி-4 தேர்வும்

சீனாவில் எம்.பி.பி.எஸ். படிக்கப் போகிற நம்மூர்ப் பிள்ளைகளுக்கு வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும். வார்டில் நோயாளி பேசுவதோ சீனம். அதனால் எச்எஸ்கே என்ற சீன மொழித் தேர்வின் நான்காம் நிலையை, நான் எழுதியபோது சுமார் 1200 சொற்களை, பெரும்பாலான கல்லூரிகள் கேட்கின்றன. அங்குள்ள மாணவர்களுக்கு சிஇடி-4 என்ற ஆங்கிலத் தேர்வு. மொத்தம் 710, 425 வந்தால்தான் தேறிய கணக்கு. இரு பக்கமும் தேவை இருப்பதால் ‘யூபான்’ பிடிப்பார்கள்: நீ எனக்குச் சீனம் சொல்லிக்கொடு, நான் உனக்கு ஆங்கிலம். எனக்கு வாய்த்தவன் நான் படித்த கல்லூரியிலேயே சீன வழியில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தான்.

அவனிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை. சொற்பட்டியல் புத்தகத்தை அகர வரிசையில் உருப்போட்டிருந்தான். (அந்தப் புத்தகங்கள் பலவற்றில் முதல் சொல்லே ‘அபாண்டன்’. முதல் பக்கத்திலேயே கைவிட்டாச்சு என்பது அங்கே எல்லோரும் அடிக்கும் ஜோக்.) பெரிய சொல்லெல்லாம் சரளமாக வரும், ‘டேக்’ (take) வந்தால் மாட்டிக்கொள்வான். புத்தகம் அதற்கு ‘நா’ என்று போட்டிருந்தது. கையால் ஒரு பொருளை எடுப்பது, அவ்வளவுதான்.

அகராதியைத் திறந்தால் ‘டேக்’குக்குப் பக்கம் பக்கமாக அர்த்தம் இருக்கும்; வரிசையாகப் படித்தால் தூக்கம்தான் வரும். நாங்கள் அதைத் தொடாமல் பெயர்ச்சொல்லிலிருந்து தொடங்கினோம். மாத்திரையா? சீனத்தில் ‘ச்சி’, சாப்பிடுவது. பஸ்ஸா? ‘ஸுவோ’, உட்காருவது. உடல் வெப்பமா? ‘லியாங்’, அளப்பது. ரத்தமா? ‘ச்சோவ்’, உறிஞ்சி எடுப்பது. குளியலுக்கும் போட்டோவுக்கும் வேறு வேறு வினை. இத்தனைக்கும் ஆங்கிலத்தில் ‘டேக்’ ஒன்றே போதும். என்ன நடக்கிறது என்பதைப் பெயர்ச்சொல்தான் சொல்கிறது. அவன் ‘ஈட் மெடிசின்’ என்று எழுதும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாமும் மாத்திரையைச் சாப்பிடுகிறவர்கள்தானே.

‘பிரிங்’குக்கும் ‘டேக்’குக்கும் உள்ள வித்தியாசம் ரொம்பச் சுலபமாக முடிந்தது. சீனத்தில் ‘தாய் லாய்’, ‘தாய் ச்சு’. தமிழில் கொண்டு வா, கொண்டு போ. அச்சு அசல் அதே கட்டு, வருவதும் போவதும் பின்னால் ஒட்டிக்கொள்கிறது. அதைக் காட்டியதும் அவன் என் எச்எஸ்கே நோட்டை வாங்கிப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

பாடாய்ப் படுத்தியது நேரக் கணக்குதான். ஸ்பெண்ட், காஸ்ட், பே, டேக் நான்குக்கும் சீனத்தில் ‘ஹுவா’ போதும். ‘இட் டேக்ஸ்’ சூத்திரத்தைப் பள்ளியிலேயே மண்டையில் ஏற்றியிருக்கிறார்கள், கேட்டால் ஒப்பிப்பான். கட்டுரை எழுதும் அரை மணி அவசரத்தில் மட்டும் ‘ஐ காஸ்ட் டூ அவர்ஸ்’ வந்து விழும். காரணம், ‘ஹுவா’வுக்கு ஆள்தான் எழுவாய்: நான் இரண்டு மணி நேரம் செலவழித்தேன். தமிழில் ‘எனக்கு ரெண்டு மணி நேரம் ஆச்சு’ என்போம், அங்கே நான் எழுவாயே இல்லை. அதனால் ‘இட் டுக் மீ’ எனக்கு உறுத்தியதில்லை. அவனை முதலில் ‘இட்’டை எழுதவைத்து, பிறகுதான் யோசிக்கச் சொன்னேன்.

அடுத்தது ‘டுக்’. சீன வினை காலத்துக்கேற்ப உரு மாறாது. ‘ல’ என்று ஒன்று ஒட்டும், ஆனால் அது செயல் முடிந்ததைச் சொல்வது. நாளை முடியப்போவதற்கும் வரும். ஆகவே இரவில் வீசாட் செயலியில் ஒரு பெயர்ச்சொல் அனுப்புவேன்: டெம்பரேச்சர், நோட்ஸ், பிளட். நேற்று வார்டில் நடந்ததாக முழு வாக்கியமாக்கி அவன் குரல் பதிவு அனுப்ப வேண்டும். ‘ரெஸ்ட்’ அனுப்பிய அன்று ‘டுக் ரெஸ்ட்’ என்றான். நம்மூரில் டாக்டர்களே அப்படித்தான் சொல்கிறார்கள் என்று விட்டுவிட மனம் வந்தது. தேர்வுத்தாளுக்கு ‘எ’ வேண்டும், போடவைத்தேன்.

‘டேக் ஆஃப்’ மட்டும் படித்தோம்: விமானம் கிளம்ப ஒன்று, கோட்டைக் கழற்ற ஒன்று. ‘டேக் ஆஃப்டர்’, ‘டேக் இன்’ வகையறாவை அடுத்த நிலையான சிஇடி-6க்குத் தள்ளிவைத்தோம். ஜூனில் எழுதினான், ஆகஸ்ட் கடைசியில் முடிவு வந்தது, 425ஐத் தாண்டியிருந்தான். எனக்கும் எச்எஸ்கேயில் 300க்கு, தேறத் தேவையான 180 கிடைத்தது. இன்டர்ன்ஷிப்புக்கு நான் வேறு ஊர் போனதால், ஆறாம் நிலைக்கு அவன் இன்னொரு யூபானைப் பிடித்துக்கொண்டான்.