மண்டோர் வாய் நீண்டால்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களில் உரம் போட, மருந்தடிக்க, உதிரிப் பழம் பொறுக்கப் போகும் அக்கா தங்கச்சிகளே, மண்டோர் பாலியல் தொல்லை கொடுத்தால் என்ன செய்வது என்று சொல்லத்தான் இது.

பெரட்டில், அதாவது காலையில் பேர் கூப்பிடும் இடத்தில், வேலை பிரிக்கும் மண்டோர் "என்னம்மா, இன்னைக்கு ஒரே மினுக்கலா இருக்கு" என்று ஆரம்பித்தால் சிரித்து மழுப்பாதீர்கள். "அண்ணே, எனக்கு எந்த நிரைன்னு மட்டும் சொல்லுங்க." நாலு பேர் காதில் விழச் சொன்னால் பலர் அங்கேயே அடங்கிவிடுவார்கள்.

அடங்காதவருக்குத்தான் காகிதம். தேதி, நேரம், நிரை, சொன்ன வார்த்தை, பக்கத்தில் நின்றவர் யார், எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதி வையுங்கள். வாட்சாப் செய்தியை அழிக்காதீர்கள். புகாரை மேனேஜரிடம் எழுத்தில் கொடுத்து, நகலில் ஆபீஸ் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். ஆபீஸ் கணக்குப்பிள்ளையான கிராணியிடம் வாயால் சொன்னது டீ ஆறுவதற்குள் மண்டோர் காதுக்குப் போய்விடும். மறுநாள் உங்களுக்கு மேட்டு நிரைதான்!

1955 வேலைச் சட்டப்படி முதலாளி விசாரித்தே ஆக வேண்டும். மறுத்தால் 30 நாளுக்குள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். விசாரிக்கத் தவறினால் 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம். அசையவில்லையா? ஜபாத்தான் தெனாகா கெர்ஜாவுக்கு, அதாவது தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள்.

2023 முதல் பாலியல் தொல்லை பற்றிய அறிவிப்பை வேலையிடத்தில் கண்ணில் படும்படி வைப்பதும் கட்டாயம். பல ஆபீஸ் சுவர்களில் சாமி காலண்டர்தான் தொங்குகிறது.

2024 மார்ச் முதல் இதற்கென்றே தனித் தீர்ப்பாயமும் இயங்குகிறது. 250,000 வெள்ளி வரை நஷ்ட ஈடு தரச் சொல்லலாம், மன்னிப்புக் கேட்கவும் உத்தரவிடலாம்.