பாவம் ஓரிடம், பழி கீபோர்டு மேல்

மூன்று மாதத்தில் இரண்டு வயர்லெஸ் கீபோர்டு மாற்றினேன். முதலாவது எழுத்துகளை விழுங்கியது. இரண்டாவது, விழுங்கியதையெல்லாம் சேர்த்துக் கக்கியது. 'வணக்கம்' என்று அடித்தால் 'வணக்ககககககம்' என்று திரையில் ஓடும், நான் கையை எடுத்துவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும்போதும் ஓடும். மவுஸும் சளைத்ததில்லை, அம்புக்குறி நகராமல் நிற்கும், பிறகு திடீரென்று தாவிப்போய் மூட வேண்டாத ஜன்னலை மூடிவிடும்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இந்த எழுத்து விழுங்கும் வியாதி கொஞ்சம் கூடுதல் ஆபத்து. ஆங்கிலத்தில் ஒரு எழுத்து போனால் பார்க்கிறவருக்கு உடனே பிழை என்று தெரிந்துவிடும். நமக்கு ஒரு துணைக்கால் விழாமல் போனாலும் மிச்சமிருப்பதும் ஒழுங்கான சொல்லாகவே நிற்கும். 'பாடம் அனுப்புகிறேன்' என்பது 'படம் அனுப்புகிறேன்' ஆகும், 'காலையில் முடித்துவிடுவேன்' என்பது 'கலையில் முடித்துவிடுவேன்' ஆகும். பிழைதிருத்தியும் ஒன்றும் சொல்லாது. இரண்டாவதை உண்மையாகவே ஒருவருக்கு அனுப்பிவைத்தேன்.

சரி, என்னென்ன செய்து பார்த்தேன்? எல்லாரும் செய்வதைத்தான். பேட்டரி மாற்றினேன், டிரைவர் மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி போட்டேன், டாங்கிளை (கீபோர்டின் சமிக்ஞையை வாங்க யூஎஸ்பி போர்ட்டில் சொருகும் குட்டிக் கருவி) பிடுங்கி ஊதிவிட்டுச் சொருகினேன் (எதற்கு ஊதினேன் என்று இன்றுவரை தெரியாது), கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் செலவழித்து விண்டோஸையே புதிதாக நிறுவினேன். அன்று மாலை வரை அருமையாக வேலை செய்தது. இரவு ஒன்பதரைக்கு மறுபடி 'ககககக'.

நேரத்தை அன்றுதான் கவனித்தேன். அதுவரை "அடிக்கடி வருகிறது" என்று மொத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேனே தவிர எப்போது வருகிறது என்று பார்க்கவே இல்லை. நண்பன் ஒருவனுக்குப் போன் செய்து, "பேய் பிடிச்ச மாதிரி ராத்திரி ஆனா ஆரம்பிச்சுடுதுடா" என்றேன். அவன் கேட்டது ஒரே கேள்வி.

"டாங்கிளை எங்கடா சொருகியிருக்க?"

"சிபியுவுக்குப் பின்னாடி."

"அதுக்குப் பக்கத்துல என்ன இருக்கு?"

பக்கத்தில் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் இருந்தது. தினமும் இரவு ஒன்பதரைக்கு அதில் தானாக பேக்கப் ஓடும்படி நானேதான் ஏற்பாடு செய்து வைத்திருந்தேன். அந்தக் கேபிளைப் பிடுங்கியதும் கீபோர்டு சரியாகிவிட்டது. மறுபடி சொருகி ஒரு பெரிய கோப்பை நகல் எடுக்க விட்டேன், 'ககககக'. இப்படியே நான்கைந்து தடவை மாற்றி மாற்றிச் செய்தேன், சந்தேகம் தீரவேண்டும் என்பதைவிட, இத்தனை நாள் படுத்தியதைப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில்.

நடப்பது இதுதான். டாங்கிளோடு வரும் வயர்லெஸ் மவுஸ், கீபோர்டுகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசையில் பேசுகின்றன. என் ஹார்ட் டிஸ்க் ஓடும் யூஎஸ்பி 3.0 வழியாகத் தகவல் நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் சமிக்ஞை ஓடும்போது கேபிளிலிருந்தும், சொருகும் முனையிலிருந்தும், டிஸ்க்கிலிருந்தும் ஒரு ரேடியோ இரைச்சல் கசிகிறது. ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் இல்லாமல் அகலமாகப் பரவும் இரைச்சல் அது, நம் மவுஸ் பேசும் இடமும் அதற்குள் வந்துவிடும். இன்டெல் நிறுவனமே 2012இல் இதைப் பற்றி ஒரு தொழில்நுட்ப அறிக்கை வெளியிட்டிருக்கிறது. ஒரு யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க்கைச் சொருகியதும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் ஏறக்குறைய 20 டெசிபெல் கூடியதாக அதில் அளந்து காட்டியிருக்கிறார்கள். 20 டெசிபெல் என்றால் ஆற்றலில் நூறு மடங்கு. இரைச்சலும் மவுஸின் சமிக்ஞையும் ஒரே இடத்தில் இருப்பதால் வடிகட்டவும் வழியில்லை. காதுக்குப் பக்கத்தில் மேளம் அடித்துக்கொண்டே எதிர்வீட்டுக்காரர் முணுமுணுப்பதைக் கேள் என்று டாங்கிளிடம் சொன்னால் அது என்ன செய்யும்?

ஒரே எழுத்து ஏன் பத்துத் தடவை விழுகிறது என்பதும் இதிலேயே விளங்கிவிடும். விசையை அழுத்தியதும் ஒரு செய்தி போகிறது, விட்டதும் இன்னொரு செய்தி போகிறது. முதலாவது சேர்ந்து, இரண்டாவது இரைச்சலில் மாட்டிக்கொண்டால், நாம் இன்னும் விரலை எடுக்கவில்லை என்றுதான் கணினி நினைக்கும், நினைத்து அந்த எழுத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே இருக்கும். முதலாவதே தொலைந்தால் எழுத்து காணாமல் போகும். என் இரண்டு கீபோர்டுகளுக்கும் ஒரே வியாதிதான், அறிகுறிதான் வேறு.

மருந்து ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிள். கீபோர்டு வந்த பெட்டிக்குள்ளேயே அது இருந்திருக்கிறது, பிரிக்காத பிளாஸ்டிக் உறையோடு! டாங்கிளை அந்தக் கேபிளின் முனையில் மாட்டி, மேசை மேல் கீபோர்டுக்கு எதிரே கொண்டுவந்து வைத்தேன், அவ்வளவுதான். இதில் ஒரு விஷயம். நீல நிறப் போர்ட்டை விட்டுவிட்டுக் கறுப்பில் சொருகினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். நீலம் பெரும்பாலும் யூஎஸ்பி 3, கறுப்பு பெரும்பாலும் 2, எல்லாத் தயாரிப்பாளர்களும் இந்த நிறத்தைக் கடைப்பிடிப்பதில்லை. ஆனால் டாங்கிளைக் கறுப்பில் சொருகினாலும் ஹார்ட் டிஸ்க் இரண்டு விரல் தள்ளி நீலத்தில் இருந்தால் இரைச்சல் அங்கேயேதான் இருக்கும். இங்கே முக்கியம் தூரம். டிஸ்க்கையே யூஎஸ்பி 2இல் போட்டால் இரைச்சல் போய்விடும், ஆனால் வேகம் நொடிக்கு 480 மெகாபிட்டுக்குள் அடங்கிவிடும், பேக்கப் முடிய விடிந்துவிடும். இன்னொன்று, டாங்கிள் சிபியுவுக்குப் பின்னால் இருந்தால் நடுவில் ஒரு முழு இரும்புப் பெட்டி மறைக்கிறது. பத்து மீட்டர் வரை எட்டும் என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பி நான் அங்கே சொருகியிருந்தேன். அந்தப் பத்து மீட்டர் நடுவில் ஒன்றுமில்லாத வெட்டவெளிக்கு.

இதற்குப் பிறகு எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. யார் வீட்டுக்குப் போனாலும் டாங்கிள் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்ப்பேன். அப்படிப் பார்த்ததில் எல்லாக் கோளாறும் ஹார்ட் டிஸ்க்கால் வருவதில்லை என்பதும் தெரிந்தது.

அதே நண்பனுக்கே வேறு தொல்லை. ப்ளூடூத் மவுஸ், டெஸ்க்டாப் கணினி. மவுஸைக் கணினிப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் ஓடும், மேசைக்குக் கொண்டுவந்தால் திணறும். எனக்கு அறிவுரை சொன்னவனுக்கு இது பிடிபடவில்லை. பின்பக்கம் பார்த்தால் மதர்போர்டில் இரண்டு பித்தளைத் திருகுமுனைகள் மொட்டையாக நிற்கின்றன. "ஆன்டெனா எங்கடா?" என்றால், "நான்தான் நெட்டுக்குக் கேபிள் போட்டிருக்கேனே, வைஃபை எதுக்கு?" என்கிறான். பல மதர்போர்டுகளில் வைஃபைக்கும் ப்ளூடூத்துக்கும் ஆன்டெனா ஒன்றேதான். அதை மாட்டாமல் விட்டால் ப்ளூடூத் கை எட்டும் தூரத்துக்குக்கூட ஒழுங்காகப் போகாது. பெட்டியிலேயே கிடந்ததை எடுத்துத் திருகியதும் சரியாகிவிட்டது. அன்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அக்கா வீட்டுக் கதை இன்னும் வேடிக்கை. அவளுடைய ப்ளூடூத் கீபோர்டு மூன்று கருவிகளோடு சேரும் வகை. மேல் வரிசையில் 1, 2, 3 என்று தனி விசைகள் இருக்கும், எதை அழுத்துகிறோமோ அந்தக் கருவிக்குத் தாவிவிடும். "திடீர்னு செத்துப்போயிடுதுடா" என்றாள். சாகவில்லை, கைதவறி 2 விழுந்ததும் உள்ளறையில் சார்ஜில் கிடந்த டேப்லெட்டுக்குப் போய்விடுகிறது. அலுவலகத்துக்கு எழுதிய பாதிக் கடிதம் அந்த டேப்லெட்டின் தேடல் பெட்டியில் நிதானமாக உட்கார்ந்திருந்தது.

வைஃபை ரவுட்டரையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசக்கூடியது, ஒரு சேனலுக்கு ஏறக்குறைய 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் எடுத்துக்கொள்ளும். 1, 6, 11 என்ற மூன்று சேனல்கள்தான் ஒன்றின்மேல் ஒன்று படியாமல் இருக்கும். ரவுட்டரை மானிட்டருக்கு ஒட்டி வைத்துக்கொண்டு, கணினியும் 2.4இலேயே இணைந்து ஏதாவது பெரிதாக இறக்கிக்கொண்டிருந்தால் மவுஸ் கொஞ்சம் தத்தளிக்கும். கணினியை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டு ரவுட்டரைத் தள்ளி வைத்தால் பெரும்பாலும் போதும். ப்ளூடூத் இந்த விஷயத்தில் கெட்டிக்காரன், நொடிக்கு 1600 முறை வரை சேனல் தாவும், நெரிசலான இடங்களைத் தவிர்க்கும் வித்தையும் 2003இல் வந்த 1.2 பதிப்பிலிருந்தே அதற்குத் தெரியும். மைக்ரோவேவ் அடுப்பும் இதே பக்கம்தான், 2.45இல். ஆனால் அதைச் சமையலறையிலேயே விட்டுவிடலாம், அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யார் தட்டச்சு செய்கிறார்கள்?

மின்சாரம் மிச்சம் பிடிக்கும் அமைப்பு வேறு வகைத் தொல்லை, அதன் அடையாளமும் வேறு. தொடர்ந்து அடிக்கும்போது ஒரு குறையும் இருக்காது. இரண்டு நிமிடம் எதையாவது படித்துவிட்டுத் திரும்பினால் முதல் இரண்டு எழுத்து போய்விடும், அல்லது மவுஸ் ஒரு கணம் முழித்துவிட்டு நகரும். ஒரு எழுத்து போவது கீபோர்டு தானே தூங்குவதாலும் இருக்கலாம், பேட்டரிக்காக அது தூங்கியாக வேண்டும். ஆனால் நொடிக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தால் கணினிதான் யூஎஸ்பி போர்ட்டையோ ப்ளூடூத்தையோ தூங்க வைக்கிறது என்று சந்தேகப்படலாம். விண்டோஸில் டிவைஸ் மேனேஜருக்குப் போய், யூஎஸ்பி ரூட் ஹப், ப்ளூடூத் அடாப்டர் இரண்டையும் தனித்தனியாகத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் 'மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம்' என்ற பொருளில் இருக்கும் டிக்கை எடுத்துவிட வேண்டும். சில லேப்டாப்களில் அந்தப் பக்கமே காணாது. பழைய கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் 'யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' என்று இன்னொன்று உண்டு, அதையும் தேடிப் பார்க்கலாம். லினக்ஸ்காரர்கள் பேட்டரி ஆசையில் பவர்டாப் என்ற மின்சிக்கன நிரலை ஓட்டி எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சிக்கனமாக்கிவிட்டு, அப்புறம் மவுஸ் தூங்கி விழுகிறது என்று புலம்புவார்கள். நானும் புலம்பியிருக்கிறேன்.

பேட்டரியைக் கடைசியில் சொல்கிறேன், ஆனால் பார்க்கும்போது முதலில் பாருங்கள், ஒரு நிமிட வேலை. பேட்டரிக் கோளாறு மெதுவாக, நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டே வரும். ஒரு நாள் நன்றாகவும் மறுநாள் கெட்டும் மாறிமாறி வந்தால் அது அநேகமாகப் பேட்டரி இல்லை. ரீசார்ஜ் செய்கிற செல் போட்டால் வோல்டேஜ் 1.5க்குப் பதில் 1.2தான் இருக்கும், அதனால் சில கருவிகள் பாதி தீர்ந்ததுபோல் காட்டும், அதை நம்ப வேண்டாம். பேட்டரி உட்காரும் இடத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தால் செல் கசிந்திருக்கிறது என்று அர்த்தம், புது செல் போட்டாலும் அந்தப் பூப்பைச் சுத்தம் செய்யாமல் மின்சாரம் ஒழுங்காகப் போகாது.

அப்புறம், மவுஸ் மட்டும் தாவுகிறது, கீபோர்டு நன்றாக இருக்கிறது, இரண்டும் ஒரே டாங்கிளில் ஓடுகின்றன என்றால் வயர்லெஸ்ஸை விட்டுவிட்டு மவுஸைத் திருப்பிப் பாருங்கள். சென்சார் துளையில் ஒரு முடி ஒட்டிக்கொண்டிருந்தாலே அம்புக்குறி பைத்தியம் பிடித்ததுபோல் ஆடும். கண்ணாடி மேசையிலும் பளபளப்பான பரப்பிலும் சாதாரண ஆப்டிகல் சென்சாருக்குப் பார்க்க ஒன்றும் கிடைக்காது. ஒரு வெள்ளைத் தாளைப் போட்டு அதன்மேல் நகர்த்தினால் தெரிந்துவிடும்.

என் முதல் கீபோர்டைத் தூக்கிப் போட மனமில்லாமல் அக்கா மகனிடம் கொடுத்திருந்தேன், "சும்மா வச்சு விளையாடு, கொஞ்சம் கோளாறு" என்று சொல்லி. போன வாரம் போனபோது அதில்தான் பள்ளி வேலையெல்லாம் மும்முரமாக அடித்துக்கொண்டிருந்தான். டாங்கிள் லேப்டாப்பின் பக்கவாட்டில் தனியாக இருந்தது, பக்கத்தில் ஹார்ட் டிஸ்க் எதுவும் இல்லை.

"மாமா, இதுல என்ன கோளாறுன்னு சொன்னீங்க?"

பேச்சை மாற்றிவிட்டேன்.