கௌடன்பீத்துக்கு இன்னும் எத்தனை சனிக்கிழமை

போன சனிக்கிழமை மறுபடியும் கௌடன்பீத் போயிருந்தேன். ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில் இருக்கிற சின்ன ஊர், அதே பெயரில் ஒரு கால்பந்து கிளப்பும் உண்டு. பக்கத்து ஊரான டன்ஃபர்ம்லினில் ரயில் ஏறினால் பத்துப் பதினைந்து நிமிடம், இறங்கி ஹை ஸ்ட்ரீட் பக்கம் கொஞ்ச தூரம் நடந்தால் சென்ட்ரல் பார்க் மைதானம் வந்துவிடும். ஆட்டம் தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போதும் வாசலில் வரிசை கிடையாது. எனக்கு முன்னால் ஒரு தாத்தாவும் பேரனும் மட்டும்தான் நின்றார்கள். டிக்கெட் கொடுக்கிற அம்மா அந்தப் பையனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, பள்ளிக்கூடம் எப்படிப் போகிறது என்று கேட்டு, அப்புறம்தான் உள்ளே விட்டார்.

இங்கே வந்து பார்க்காதவர்களுக்காக மைதானத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். புல்தரையைச் சுற்றி நீள்வட்டமாக ஒரு தார்ச்சாலை ஓடுகிறது. ஸ்டாக் கார் பந்தயம் நடக்கிற பாதை அது. கார்கள் வழுக்கித் திரும்பிய இடமெல்லாம் டயர் தேய்ந்த கறுப்புக் கோடுகள், வேலிக்கு அந்தப்புறம் அடுக்கி வைத்த பழைய டயர்கள். அதனால் ரசிகர்கள் நிற்கிற படிக்கட்டுக்கும் ஆடுகிறவர்களுக்கும் நடுவே நல்ல இடைவெளி. ஆனால் கூட்டம் குறைவு என்பதால் எல்லாச் சத்தமும் காதில் விழும். கோல்கீப்பர் தன் பின்வரிசை ஆட்களைத் திட்டுவது, பந்து விளம்பரப் பலகையில் மோதுவது, மாற்று ஆட்டக்காரர்கள் ஓரத்தில் ஓடிப் பயிற்சி செய்யும்போது தாரில் ஷூ உரசுவது, எல்லாம் கேட்கும். பெரிய மைதானத்தில் எப்போதும் ஒரே இரைச்சல்தான், இதெல்லாம் அங்கே கேட்கவே கேட்காது. எனக்கு இது பிடிக்கும் என்று சொன்னால் நண்பர்கள் நம்புவதில்லை. பிடிக்கும்தான், ஆனால் இவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும்.

நான் வழக்கமாக நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் நிற்பார். எண்பதை நெருங்குகிற வயது. ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள் படிக்கட்டுகளை ஒரு பார்வை பார்த்துத் தலைகளை எண்ணிவிடுவார். போன சனிக்கிழமை எண்ணி முடித்துவிட்டு என்னிடம், "பாதி ஊர் காலையிலேயே பஸ் ஏறிப் போயிடுச்சு தம்பி" என்றார். கிளாஸ்கோவுக்குப் போகிற ரசிகர் பஸ்ஸைச் சொல்கிறார். அங்கே இருக்கிற இரண்டு பெரிய கிளப்புகளில் செல்டிக்கைப் பார்க்க ஒரு கூட்டம், ரேஞ்சர்ஸைப் பார்க்க ஒரு கூட்டம். இந்த ஊரில் பிறந்து, இந்த மைதானத்தின் விளக்குக் கம்பத்தைத் தினமும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், சனிக்கிழமை ஆனால் வேறு ஊர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

ஸ்காட்லாந்தில் கால்பந்துக்கு ஆள் குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மக்கள்தொகைக் கணக்கில் பார்த்தால் ஐரோப்பாவிலேயே மிக அதிகம் பேர் மைதானத்துக்கு நேரில் போகிற நாடுகளில் இது ஒன்று. செல்டிக் மைதானத்தில் சுமார் 60,000 பேர், ரேஞ்சர்ஸின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் சுமார் 50,000 பேர் உட்காரலாம், இரண்டும் பெரும்பாலும் நிரம்பித்தான் இருக்கின்றன. ஆள் இருக்கிறது, எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள், அதுதான் சிக்கல்.

சரி, எப்போதும் இப்படியா இருந்தது? இல்லை. கௌடன்பீத் நிலக்கரியில் எழுந்த ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்து ஆண்டுகளில் மக்கள்தொகை கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது. அந்த வேகத்தைப் பார்த்துத்தான் 'ஃபைஃபின் சிகாகோ' என்று பெயர் வைத்தார்கள். ஃபைஃப் நிலக்கரிக் கம்பெனியின் தலைமையிடம் இங்கேதான் இருந்தது. சுற்றுவட்டாரம் முழுக்கச் சுரங்கத் தொழிலாளர்கள். இந்தப் பகுதியை உள்ளடக்கிய மேற்கு ஃபைஃப் தொகுதி 1935-ல் வில்லி கல்லகர் என்ற கம்யூனிஸ்டைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பி, 1950 வரை அவரையே வைத்திருந்தது என்றால் எப்படிப்பட்ட மண் என்று புரியும். வாரம் முழுக்கப் பூமிக்கு அடியில் கிடந்தவர்களுக்குச் சனிக்கிழமை மதியம் வெளிச்சத்தில் நின்று கத்துவதற்கு ஓர் இடம் தேவைப்பட்டது. 1880-களின் தொடக்கத்தில் பிறந்த கிளப், 1917-லிருந்து இந்த சென்ட்ரல் பார்க்கில் ஆடுகிறது.

1938-39 சீசனைப் பற்றி இங்கே இன்றும் பேசுவார்கள். இரண்டாம் டிவிஷனை வென்றார்கள், ராப் வால்ஸ் என்ற ஒரே ஆள் 54 கோல் போட்டார். மேல் டிவிஷனுக்குப் போய் ஐந்து ஆட்டம் ஆடியதுமே போர் வந்து லீக்கையே நிறுத்திவிட்டார்கள். போர் முடிந்து மறுபடி லீக் தொடங்கியபோது இவர்களை அடுத்த கீழ்மட்டமான பி டிவிஷனில் போட்டார்கள். களத்தில் ஜெயித்து வாங்கிய இடம், களத்தில் தோற்காமலேயே போனது. எண்பது வருடம் ஆகியும் அந்தக் காயம் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அப்புறம் 1949. லீக் கோப்பைக் கால் இறுதியின் முதல் ஆட்டத்தில் ஐப்ராக்ஸுக்கே போய் ரேஞ்சர்ஸை 3-2 என்று அடித்தார்கள். அடுத்த ஆட்டம் இங்கே, செப்டம்பர் 21-ம் தேதி. அன்று சென்ட்ரல் பார்க்கில் 25,586 பேர். இன்றுவரை அதுதான் கிளப்பின் சாதனைக் கூட்டம். கூடுதல் நேரம் வரை இழுத்துக்கொண்டுபோய்த் தோற்றார்கள். என் பக்கத்தில் நிற்கிற பெரியவரை அவருடைய அப்பா அன்று தோளில் தூக்கிக்கொண்டு போனாராம். "எனக்கு நாலு வயசு, ஒண்ணுமே ஞாபகம் இல்ல. ஆனா அப்பா சாகுற வரைக்கும் அதைச் சொல்லிக்கிட்டே இருந்தாரு, அதனால நானே பார்த்த மாதிரி இருக்கு" என்று ஒருமுறை சொன்னார். அதே படிக்கட்டில் நின்றுகொண்டுதான் இப்போது தலைகளை எண்ணுகிறார்.

சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. 2002-ல் லாங்கனெட்டில் வெள்ளம் புகுந்ததோடு ஸ்காட்லாந்தில் ஆழ்சுரங்கம் என்பதே முடிந்துபோனது. வேலை போனது, வேலை தேடி ஆட்கள் போனார்கள், இருப்பவர்களில் பலர் ரயிலேறி எடின்பரோ போய் வருகிறார்கள். இந்தக் கதையைக் கேட்டதும் கிளப்பும் அன்றே படுத்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. சின்ன ஊர்க் கிளப் ஒன்றுக்கு எழுந்து நிற்கத் தெரியும். 1992-லிருந்து 1994 வரை சொந்த மைதானத்தில் லீக் ஆட்டம் ஒன்றில்கூட ஜெயிக்க முடியாமல் கிடந்த அதே கிளப், 2012-ல் இரண்டாம் டிவிஷன் சாம்பியனாகி, நாட்டின் இரண்டாவது உயர்ந்த மட்டத்தில் மூன்று சீசன் தாக்குப்பிடித்தது. 2014-15-ல் ரேஞ்சர்ஸ், எடின்பரோவின் பெரிய கிளப்புகளான ஹார்ட்ஸ், ஹைபர்னியன் மூன்றும் ஒரே லீக்கில் இவர்களோடு ஆடின. 'ப்ளூ பிரேசில்' என்று தங்கள் அணியை ரசிகர்கள் கூப்பிடுவார்கள், அந்தப் பெயரைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் வருகிற பெருமையை அந்த வருடம் பார்த்திருக்க வேண்டும்.

அந்த வருடத்தோடுதான் சரிவும் தொடங்கியது. பிப்ரவரியில் ஹார்ட்ஸிடம் 10-0. சீசன் முடிவில் கீழே இறங்கினார்கள், அடுத்த வருடமே இன்னொரு படி. 2017-ல் தேசிய லீக்கின் கடைசி மட்டமான லீக் டூவின் கடைசி இடம், லீக்கில் நீடிப்பது யார் என்று முடிவு செய்ய ஈஸ்ட் கில்பிரைடுடன் ப்ளேஆஃப், பெனால்டியில் தப்பித்தார்கள். 2018-ல் மறுபடி கடைசி இடம், கோவ் ரேஞ்சர்ஸுடன் ப்ளேஆஃப், மயிரிழையில் தப்பித்தார்கள். 2022-ல் போனிரிக் ரோஸிடம் தப்ப முடியவில்லை. நூறு வருடத்துக்கு மேலாக லீக் பட்டியலில் பார்த்துப் பழகிய பெயர் காணாமல் போனது. அதே 2021-22 சீசனில் லீக் டூவை வென்றது யார் தெரியுமா? கெல்ட்டி ஹார்ட்ஸ். சில மைல் தூரத்துக் கிராமம், கௌடன்பீத்தைவிடச் சின்ன இடம், அதற்கு முந்தின வருடம்தான் லீக்குக்குள்ளேயே வந்தது. பக்கத்து ஊர் ஏறுகிறது, நாம் இறங்குகிறோம். அந்த வேதனையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இப்போது லீக் டூவுக்கு அடுத்த கீழ்மட்டமான லோலண்ட் லீக். இதிலிருந்து மேலே வருவது எவ்வளவு கடினம் என்பது வெளியே பலருக்குத் தெரியாது. சாம்பியன் ஆனாலே போதாது. வடக்கே அதே மட்டத்தில் நடக்கிற ஹைலண்ட் லீக்கின் சாம்பியனோடு மோத வேண்டும், அதில் ஜெயித்தால் லீக் டூவின் கடைசி அணியோடு மறுபடி மோத வேண்டும். வருடத்துக்கு அதிகபட்சம் ஒரே ஒரு இடம். இந்த முறையில் லீக்கை விட்டு வெளியேறிய ஈஸ்ட் ஸ்டர்லிங்ஷயர், பெர்விக் ரேஞ்சர்ஸ், பிரெக்கின், கௌடன்பீத், ஆல்பியன் ரோவர்ஸ் ஆகியவற்றில் 2025 வரை ஒன்றுகூடத் திரும்பவில்லை. கௌடன்பீத்தை வெளியேற்றிய போனிரிக்கே 2025-ல் வெளியேறிவிட்டது. சாம்பியனுக்கு நேராக உயர்வு கொடுங்கள் என்று கீழே இருக்கிற கிளப்புகள் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. கொடுக்க வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கடைசி இடத்துக்கு வந்தவனுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு, முதலிடத்துக்கு வந்தவனுக்கு இன்னும் இரண்டு பரீட்சை என்பது எந்த ஊர் நியாயம்?

இதற்கு மேல் 2021-லிருந்து செல்டிக், ரேஞ்சர்ஸ் போன்ற பெரிய கிளப்புகளின் பி அணிகளையும் லோலண்ட் லீக்குக்குள் கொண்டுவந்தார்கள். அவர்கள் அதற்குப் பணம் கட்டினார்கள், அந்தப் பணம் சின்ன கிளப்புகளுக்கு உதவியது, ஒத்துக்கொள்கிறேன். ரேஞ்சர்ஸ் பி 2024-ல் விலகியும்விட்டது. ஆனால் ஊரின் ஆட்களை ஏற்கெனவே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுபோன கிளப்பின் சிறுவர் அணி வந்து, உன் மைதானத்தில் உன்னோடு புள்ளிக்கு ஆடும்போது, படிக்கட்டில் நிற்கிற மனிதனுக்கு எப்படி இருக்கும் என்று முடிவெடுத்தவர்கள் ஒரு நாளாவது இங்கே நின்று பார்த்திருக்கலாம்.

கிளப் செத்தா போய்விடும் என்று கேட்பவர்களுக்கு நான் கேத்கின் பார்க்கைத்தான் சொல்வேன். கிளாஸ்கோவின் தெற்குப் பக்கம் இருக்கிறது. தேர்ட் லானார்க் என்ற கிளப்பின் மைதானம். 1904-ல் லீக் சாம்பியன், இரண்டு முறை ஸ்காட்டிஷ் கோப்பை. 1960-61-ல்கூட மேல் டிவிஷனில் மூன்றாம் இடம், 100 கோல். அடுத்த ஆறே வருடத்தில், 1967-ல், கிளப்பே இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் போய்ப் பார்த்தேன். ரசிகர்கள் நின்ற படிக்கட்டுகள் அப்படியே இருக்கின்றன, நடுவில் சாய்ந்து நிற்பதற்குப் போட்ட இரும்புக் கம்பிகளும் இருக்கின்றன, படிகளுக்கு இடையே மரங்கள் முளைத்து ஆளுயரத்தையும் தாண்டி வளர்ந்து நிற்கின்றன. ஒரு கம்பியில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். எத்தனை கை பட்டு வழுவழுப்பான கம்பி அது. திரும்பி வருகிற வழி முழுக்க சென்ட்ரல் பார்க்கின் படிக்கட்டுகள்தான் கண்ணில் நின்றன.

கௌடன்பீத்தை வைத்திருப்பது யார் என்று கேட்டால், சம்பளம் வாங்காத ஆட்கள்தான். வாசலில் டிக்கெட் கொடுப்பவர், சூடான கறி வைத்த 'பை' பலகாரம் விற்பவர், ஜெர்சி துவைப்பவர், மழை விட்டதும் கோல் வாய்ப் பக்கம் தோட்ட முள்வாரியால் குத்தித் தண்ணீரை வடிய விடுபவர். லீக்கை விட்டு வெளியேறியதும் லீக் தருகிற பங்குத் தொகை போய்விட்டது, விளம்பரம் கொடுப்பவர்கள் யோசிக்கிறார்கள், நல்ல ஆட்டக்காரன் ஒருவன் தேறினால் ஒரு சீசன்கூட வைத்துக்கொள்ள முடிவதில்லை. இதில் நூறு பேர் கூடுதலாக வந்தால் ஏதாவது மாறுமா என்றால், கண்டிப்பாக மாறும். ஐப்ராக்ஸில் நூறு பேர் கூடினாலும் குறைந்தாலும் யாருக்கும் தெரியாது. இங்கே அது ஒரு ஆட்டக்காரனின் வாரக் கூலி.

ஹை ஸ்ட்ரீட்டில் முடி வெட்டுகிற கடையிலோ பஸ் ஸ்டாப்பிலோ பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், "முதல்ல கௌடன்பீத் ரிசல்ட்தான் பார்ப்பேன்" என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மையாகத்தான் சொல்கிறார்கள், பாசம் இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து போனில் ரிசல்ட் பார்க்கிற அந்தப் பாசம் வாசலைத் தாண்டி உள்ளே வர வேண்டும். மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை போதும்.

போன வாரம் ஆட்டம் 1-1. கடைசிப் பத்து நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன், சமன் செய்த கோல் எங்களுக்கு எதிர்ப்புற முனையில் விழுந்ததால் உள்ளே போனதா இல்லையா என்று ஒரு நொடி தெரியவில்லை, அங்கே நின்ற சிறுவர்கள் குதித்ததைப் பார்த்துத்தான் நாங்களும் கத்தினோம். விசில் ஊதி முடித்ததும் மாலைப் பந்தயத்துக்காக ஸ்டாக் கார்களை ஏற்றிய வண்டிகள் பின்வாசல் வழியாக வரத் தொடங்கின. பெரியவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியிறங்கினார். நான் கையை நீட்டினேன், வேண்டாம் என்று தலையசைத்தார். கீழே இறங்கி நின்று, "நூத்தித் தொண்ணூத்தி நாலு. அடுத்த வாரம் உன் பையனையும் கூட்டிட்டு வா" என்றார்.

கூட்டிக்கொண்டு போகிறேன். நீலச் சட்டை சிறுவர் அளவில் கிடைக்கிறதா என்று கிளப் கடையில் கேட்டிருக்கிறேன்.