புலி இல்லாத கார்ன்ஃப்ளேக்ஸ் டப்பா

நேற்று பையனுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் எடுத்தேன், சர்க்கரை எவ்வளவு என்று பார்த்தால் பின்பக்க மடிப்புக்குள் கடுகளவு எழுத்து, கண்ணாடி போட்டும் படிக்க முடியவில்லை.

சிலி நாட்டில் இந்தத் தொல்லை இல்லை. 2016 ஜூன் முதல் அங்கே சர்க்கரை, உப்பு, நிறைவுற்ற கொழுப்பு, கலோரி எது வரம்பைத் தாண்டினாலும் பாக்கெட்டின் முன்பக்கத்திலேயே கறுப்பு எண்கோண முத்திரை இருக்கும். முத்திரை விழுந்த பண்டத்தைப் பள்ளியில் விற்கக் கூடாது, குழந்தைகளை இழுக்கிற கார்ட்டூனும் போடக் கூடாது. கார்ன்ஃப்ளேக்ஸ் டப்பாவில் சிரித்துக்கொண்டிருந்த கார்ட்டூன் புலியே காணாமல் போய்விட்டது.

எனக்கு ரொம்பப் பிடித்தது, இது ஒரு துறை மட்டும் செய்த வேலை இல்லை என்பதுதான். மருத்துவரும் செனட்டருமான கீதோ ஜிரார்டி வருடக்கணக்கில் விடாமல் போராடினார், சிலி பல்கலைக்கழக ஊட்டச்சத்து ஆய்வாளர்கள் துணை நின்றார்கள், அப்புறம் வீடுகளின் கொள்முதல் கணக்கை எடுத்து அலசியவர்கள், சர்க்கரை பானம் வாங்குவது சுமார் 24% குறைந்ததைக் காட்டினார்கள். ஆறு வயதுப் பிள்ளையிடம் போய் வாயைக் கட்டு என்று சொல்லாமல் கடை அலமாரியை மாற்றினார்களே, அதைத்தான் நம்மூரிலும் கேட்கிறேன்.