பற்றரியைத் தின்னும் குவாட்ஸ் மணிக்கூடு: மின்பகுதியைச் சோதித்த அனுபவம்

கல்லடியில் கடற்கரையோரம் வசிக்கும் மச்சானுடைய கைமணிக்கூடு, இரண்டு ஆண்டுகள் தாங்க வேண்டிய பற்றரியை ஆறு மாதம் முடியுமுன்னரே தீர்த்துவிடுகிறது. அதிலுள்ள சில்வர் ஒக்சைட் கலம் (பொத்தான் பற்றரி) தீரும் தறுவாய் வரை 1.55 வோல்ற்றையே காட்டிவிட்டுப் பின்னர் சட்டென விழுவதால், வோல்ற்றளவை மட்டும் பார்ப்பதில் பயனில்லை.

முதலில் பற்றரியைக் கழற்றிவிட்டு, முட்களை நகர்த்தும் மோட்டரின் சுருளுடைய தடையை அளந்தேன். 1.9 கிலோ ஓம் காட்டியது. மீற்றர் முனைகளை மாற்றி வைத்தபோதும் அதே அளவுதான், ஆகவே சுருளில் குறையில்லை. (தலைமுடியிலும் மெல்லிய கம்பி அது, உலோக இடுக்கியை அதன் பக்கம் கொண்டுபோகவே கூடாது.) பிறகு பற்றரியை இட்டு, சுருளின் இரு முனைகளிலும் பழைய ஊசி மீற்றரை வைத்தேன். நேரத்தைக் கணிக்கும் குவாட்ஸ் பளிங்கின் 32,768 ஹேர்ட்ஸ் அதிர்வை ஐசி (சுற்றுப்பலகையிலுள்ள சிறு மின்சில்லு) பதினைந்து முறை இரண்டால் வகுத்துச் செக்கனுக்கு ஒரு துடிப்பாக்குகிறது. அத்துடிப்பின் திசை ஒவ்வொரு முறையும் மாறுவதால் ஊசி ஒரு செக்கன் வலப்பக்கமும் மறு செக்கன் இடப்பக்கமும் உதறியது. சில மில்லிசெக்கனே நீடிக்கும் இத்துடிப்பைச் சாதாரண டிஜிற்றல் மீற்றர் பெரும்பாலும் தவறவிட்டுவிடும்.

எஞ்சியது மின்னோட்டம். பற்றரிக்கும் சுற்றுக்கும் இடையில் 10 கிலோ ஓம் தடையி ஒன்றைத் தொடராக இணைத்து, துடிப்பின் ஏற்றவிறக்கத்தைச் சமப்படுத்த அதற்குக் குறுக்கே 470 மைக்குரோபரட் கொள்ளளவியைப் பொருத்தினேன். இந்த ஏற்பாட்டில் 10 மில்லிவோல்ற் என்பது 1 மைக்குரோ அம்பியர். அளவு நிலைக்கச் சற்று நேரம் பொறுத்தபின் 64 மில்லிவோல்ற் காட்டியது, அதாவது 6.4 மைக்குரோ அம்பியர். ஏறத்தாழ 26 மில்லி அம்பியர் மணி கொள்ளும் சிறு கலம் இந்த வேகத்தில் ஐந்தரை மாதமே தாங்கும். மச்சானின் முறைப்பாட்டுடன் கணக்கு அப்படியே பொருந்துகிறது. சுருளைக் கழற்றிய பின்னும் 5 மைக்குரோ அம்பியருக்கு மேல் ஓடியதால், மோட்டரையோ பற்சில்லுகளையோ சந்தேகிக்க இடமில்லை. மின்னோட்டம் சுற்றுப்பலகையிலேதான் கசிந்துகொண்டிருந்தது.

உருப்பெருக்கியில் பார்த்தபோது, முன்னொரு பற்றரி கசிந்த வெண்படிவு நேர்முனைத் தகட்டின் கீழே பளிங்கின் கால்வரை பரவியிருந்தது. அத்தகைய படிவு நம் பக்கத்து ஈரக்காற்றில் நனைந்து மின்னைக் கடத்தத் தொடங்கிவிடும். பலகையைத் தனியே எடுத்து, ஐசோபுரப்பைல் அற்ககோலில் தோய்த்த மென்தூரிகையால் துடைத்து, நன்கு உலரவிட்டுப் பூட்டியதும் அளவு 1.2 மைக்குரோ அம்பியருக்கு இறங்கியது. பின்மூடியின் இறப்பர் வளையம் இறுகிப்போயிருப்பதால், அதே அளவில் புதியது கிடைத்த பின்னரே மணிக்கூட்டைத் திருப்பிக் கொடுக்க எண்ணியுள்ளேன்.