ஆறு வாரத்தில் முடியும் என்றார்கள்

போன வெள்ளிக்கிழமைதான் எங்கள் சமையலறைக்குள் நான்கு பேரும் முதல் தடவையாக உட்கார்ந்து சாப்பிட்டோம். ஆறு வாரம் என்று தொடங்கிய வேலை பதினோரு மாதம் இழுத்தது. அதுவரை கூடத்து மூலையில் ஒற்றை அடுப்பு, பாத்திரம் கழுவக் குளியலறைக் குழாய். கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. ஆறிவிட்டால் பாதி விவரம் மறந்துவிடும் என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

வீடு சேலத்தில் அஸ்தம்பட்டிப் பக்கம், தாத்தா 1963-இல் கட்டியது. உலகப் போர் முடிந்து இருபது ஆண்டுகளுக்கு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஓடிய மிட்-செஞ்சுரி மாடர்ன் பாணி எனக்கு நெடுநாள் ஆசை. அலமாரிகளுக்கு வேலைப்பாடு இல்லாத தட்டை மரக் கதவுகள், மெல்லிய சாய்ந்த கால்கள், பெரிய சன்னல், அடுப்புக்கு நான்கு அடி தள்ளியே சாப்பாட்டு மேசை. சமைப்பவர் தனியாக உள்ளே வேக, மற்றவர்கள் வெளியே உட்கார்ந்து "இன்னொரு தோசை" என்று குரல் கொடுக்கும் ஏற்பாடு எனக்குப் பிடிக்காது. வீடும் அதே காலத்துப் பிள்ளை என்பதால் பொருந்தும் என்று நம்பினேன். பொருந்தத்தான் செய்தது. நடுவில் நின்ற மனிதர்கள்தான் பொருந்தவில்லை.

முதல் தவறு என்னுடையது. கைப்பேசியில் நாற்பது படங்களைச் சேர்த்துக்கொண்டு மாடுலர் கிச்சன் கடைக்குப் போனேன். அங்கிருந்த பெண் எல்லாப் படத்துக்கும் "செய்துவிடலாம் மேடம்" என்றார். மூன்று நாளில் வரைபடம் வந்தது. கண்ணாடிபோல் மின்னும் வெள்ளைக் கதவுகள், நடுவில் உயர மேடை, அதைச் சுற்றி பாரில் போடுவது போன்ற நெட்டை முக்காலிகள். "மாடர்ன்தானே கேட்டீர்கள்?" என்றார். மாடர்ன் என்றால் எங்கள் ஊரில் ஏற்காடு சாலையில் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவின் வளைவுதான் முதலில் ஞாபகம் வரும். அவர் மனத்தில் எது இருந்ததோ தெரியவில்லை. அப்பாவுக்கு வயது 76, முட்டியில் வலி. அந்த முக்காலியில் அவரை ஏற்றி உட்காரவைக்க இரண்டு ஆள் வேண்டும்.

ஆனால் அதற்குள் 80,000 ரூபாய் முன்பணம் கட்டியிருந்தேன். திருப்பிக் கேட்டபோது ரசீதின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். பொடி எழுத்தில், வடிவமைப்புக் கட்டணம் திரும்பத் தரப்படாது. எட்டுத் தடவை நடந்து 65,000 வாங்கினேன். ரசீதின் பின்பக்கத்தைப் பணம் கொடுப்பதற்கு முன்பே படியுங்கள். கொடுத்த பிறகு படிப்பதற்கு நிறைய நேரம் கிடைக்கும், கடை வாசலில் காத்திருக்கும்போது.

பிறகு படங்களை மூட்டை கட்டிவிட்டு, அளவு நாடாவை எடுத்தேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

கடைக்காரர்கள் மேடையை 34 அங்குலத்தில் வைக்கிறார்கள். கேட்டால் "ஸ்டாண்டர்டு" என்பார்கள். அம்மாவின் உயரம் நான்கு அடி பத்து அங்குலம். முழங்கையை மடக்கி நிற்கச் சொல்லி, அங்கிருந்து நான்கு அங்குலம் கீழே பென்சிலால் சுவரில் கோடு போட்டேன். 32 வந்தது. அதுவும் காய் நறுக்கும் இடத்துக்குத்தான். மேடைமேல் அடுப்பை வைத்தால் இன்னும் நான்கைந்து அங்குலம் ஏறும், அதன்மேல் குக்கர் ஏறும். அம்மா எட்டிப் பார்த்து சாம்பார் கிளறியதன் காரணம் அன்றுதான் புரிந்தது. ஆகவே அடுப்பு நிற்கும் பகுதியை மட்டும் 29-க்கு இறக்கினோம். இரவுச் சமையல் என் கணவருடையது, அவர் உயரமானவர், கொஞ்சம் குனிகிறார். முப்பது வருடம் அம்மா எட்டினார்கள், இப்போது அவர் குனியட்டும்.

மேசைக்கும் இதே நாடாதான். நால்வர் உட்கார 42 அங்குல வட்டம் போதும். ஆனால் நாற்காலியை இழுத்து எழவும், பின்னால் இன்னொருவர் கொதிக்கிற ரசத்தோடு நடக்கவும் சுற்றிலும் மூன்று அடி வேண்டும். கூட்டினால் ஒன்பதரை அடி. காகிதத்தில் இதெல்லாம் உறைக்காது. கோலமாவை எடுத்துத் தரையில் வட்டம் போட்டேன், மேடையின் இரண்டடி ஆழத்தையும் கோடு இழுத்தேன், நாற்காலிகளை வைத்து நான்கு பேரையும் உட்காரச் சொன்னேன். அம்மா வந்து பார்த்துவிட்டு, "ஏன் கண்ணு, மார்கழி இன்னும் வரவில்லையே?" என்றார்கள். குளிர்சாதனப் பெட்டியின் கதவு அப்பாவின் முதுகில் இடித்தது. ஐந்து நிமிடத்தில், செலவே இல்லாமல், பத்துக்குப் பதினொன்று அறை போதாது என்று தெரிந்துவிட்டது.

சரி, சுவரை இடிக்கலாம். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த ஒன்பது அங்குலச் சுவருக்கு நேராக மேஸ்திரி சம்மட்டியோடு வந்து நின்றார். "ஒரே நாள் வேலை அம்மா." ஏதோ உள்ளுக்குள் உறுத்த, கட்டடப் பொறியாளர் ஒருவரை வரவழைத்தேன். அவர் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு இறங்கினார். தூண்கள் இல்லாத பழைய வீடு. செங்கல் சுவர்கள்தான் கூரையைத் தாங்குகின்றன. அந்தச் சுவரில் கை வைப்பதென்றால் இரும்பு உத்தரம் கொடுத்து, முட்டுக் கொடுத்து, தனிச் செலவு. மறுபக்கம் சாமான் அறையைப் பிரித்த நாலரை அங்குலச் சுவரை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அதுவும் மேலே எதையும் தாங்கவில்லை என்று பார்த்த பிறகுதான். அவருக்குக் கொடுத்த 3,000 ரூபாய்தான் இந்தப் பதினோரு மாதத்தில் நான் முணுமுணுக்காமல் கொடுத்த ஒரே தொகை.

இனி தரை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

1998-இல் அப்பா சமையலறையில் பீங்கான் டைல்ஸ் ஒட்டினார். அடியில் தாத்தா போட்ட மொசைக் இருப்பது எல்லோருக்கும் தெரியும். வெளிநாட்டுப் பத்திரிகைகளில் டெராசோ என்று கொண்டாடுகிறார்களே, நம் ஊர் மொசைக்கும் அதே சாதிதான்: சிமெண்டில் சலவைக்கல் சில்லுகளைக் கலந்து போட்டு, காய்ந்தபின் தேய்த்து மினுக்குவது. தோண்டினால் புதையல் என்று நினைத்தேன். கதவுக்குப் பின்னால் ஒரு டைலைப் பெயர்த்துப் பார்த்தேன். பச்சையும் வெள்ளையும் கலந்து, ஈரத்துணியால் துடைத்ததும் பளிச்சென்று சிரித்தது. மீதியையும் பெயர்க்கச் சொல்லிவிட்டேன்.

அறையின் நடுப்பகுதிக்கு வந்தபோது சிரிப்பு நின்றது. டைல்ஸ் பிடிப்பதற்காக அன்றைய கொத்தனார் மொசைக் முழுதையும் உளியால் கொத்திவைத்திருந்தார். கதவு மூலையில் மட்டும் சோம்பேறித்தனமாக விட்டிருக்கிறார். நான் பார்த்தது அந்த மூலையைத்தான். அம்மை வடுபோல நூற்றுக்கணக்கான குழிகள். ஆகவே ஒரு டைலை வைத்து முடிவெடுக்காதீர்கள். நடுவில் ஒன்று, சிங்க் அருகில் ஒன்று, வாசலில் ஒன்று என்று மூன்று இடத்திலாவது பெயர்த்துப் பாருங்கள்.

வெள்ளைச் சிமெண்ட், பச்சை நிறப்பொடி, அதே அளவுச் சில்லு கலந்து குழிகளை அடைத்தோம். நிறம் முழுதாகச் சேரவில்லை. கூர்ந்து பார்த்தால் தெரியும். பிறகு இயந்திரம் வைத்துத் தேய்த்தல். சொரசொரப்பான கல்லில் தொடங்கி 60, 120, 320 என்று போகப்போக நயமான கல், முடிவில் ஆக்ஸாலிக் அமிலப் பொடி போட்டு மெருகு. தண்ணீர் ஊற்றித் தேய்ப்பதால் இட்லி மாவுபோல் குழம்பு நிறைய வரும். அதை எங்கே கொட்டுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருங்கள். நான் அரைமணி நேரம் மருந்து வாங்கப் போனேன். அதற்குள் பின்கட்டுச் சாக்கடைக் குழாயில் கொட்டிவிட்டார்கள். நான்கு நாள் கழித்து வீட்டுத் தண்ணீர் எதுவும் வெளியே போகவில்லை. உள்ளே கல்லாக இறுகிவிட்டிருந்தது. பிளம்பர் எட்டடிக் குழாயை அறுத்தெடுத்து மாற்றினார், 6,500 ரூபாய். தேய்த்தவர்களைக் கேட்டால், "எல்லா வீட்டிலும் அப்படித்தான் கொட்டுகிறோம்" என்றார்கள். அந்த எல்லா வீட்டுக்காரர்களையும் நினைத்துப் பரிதாபப்பட்டேன்.

கதவுகளுக்கு மரம் தேடிய கதை ஒரு நாள் விரயம். தோழியின் ஏற்காட்டுத் தோட்டத்தில் காற்றுக்குச் சாய்ந்த சில்வர் ஓக் கிடந்தது. காப்பிச் செடிக்கு நிழலுக்காக வைத்து, மிளகுக் கொடி ஏற்றிவிடும் மரம்தான். எடுத்துக்கொள் என்றாள். குட்டி யானை ஒன்றை வாடகைக்குப் பிடித்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறினேன். மேலே போனதும் ஓட்டுநர் கேட்டார்: "மரத்துக்குக் காகிதம் எங்கே அம்மா?" மலைப்பகுதி மரங்களைக் காப்பதற்கு 1955-லேயே சட்டம் இருக்கிறது. சொந்த நிலம், சாய்ந்த மரம் என்றெல்லாம் நாம் சொல்வதை அவர் கேட்கத் தயாராக இல்லை. சோதனைச் சாவடியில் மாட்டுவது அவருடைய வண்டிதானே. காலி வண்டியில் அரைக் கிலோ மிளகோடு இறங்கினேன். வாடகை 3,500. எங்கள் ஆசாரி அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார். "நல்ல வேளை. பச்சை மரத்தில் கதவு போட்டிருந்தால் சித்திரை வெயிலில் முறுக்காக முறுக்கியிருக்கும்." ஏறுவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கடைசியில் தண்ணீர் தாங்கும் பிளைவுட்டின்மேல் தேக்கு வெனீர், அதாவது மெல்லியதாகச் சீவிய மரத்தகடு. இந்தப் பாணியின் அழகே மரக்கோடு ஒரு கதவிலிருந்து அடுத்த கதவுக்கு அறுபடாமல் ஓடுவதில் இருக்கிறது. அதற்கு எல்லாத் தகடும் ஒரே கட்டிலிருந்து, வரிசை மாறாமல் வர வேண்டும். வந்த ஆறில் இரண்டு வேறு கட்டு. கோடும் வேறு, நிறமும் வேறு. பிரித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால் என் தலையில்தான். வண்டியை நிறுத்திவைத்து, ஆறையும் வெயிலில் சாய்த்துப் பார்த்துத் திருப்பி அனுப்பினேன். கடையில் என்னை என்ன சொல்லியிருப்பார்கள் என்று தெரியும். பரவாயில்லை.

மேடைக்கும் மொசைக்கே போடலாம் என்று ஆசைப்பட்டேன். புளி, எலுமிச்சை, தயிர் மூன்றும் சலவைக்கல்லை அரித்துவிடும் என்பதால் விட்டுவிட்டேன். நம் சமையலில் அந்த மூன்றும் சிந்தாத நாள் ஏது? இரும்பாலை இருக்கிற ஊரில் பிறந்துவிட்டு எவர்சில்வருக்குத் தயங்குவானேன். பட்டறைக்காரர் 304 தரம் என்று சொல்லி, காந்தத்தை வைத்துக் காட்டினார். ஒட்டவில்லை. நானும் தலையாட்டியிருப்பேன். கணவர் பட்டறைத் தொழில் தெரிந்த நண்பரிடம் கேட்டுவைத்திருந்தார்: விலை குறைந்த 202 தரத்திலும் காந்தம் ஒட்டாது, ஆகவே அந்தச் சோதனையால் இரண்டையும் பிரிக்க முடியாது. நிக்கல் குறைந்த அந்தத் தகடு உப்பும் ஈரமும் பட்டால் சீக்கிரம் துரு காட்டும். நிறம் மாறிக் காட்டும் சொட்டு மருந்து கடையில் கிடைக்கிறது, வாங்கிப் போய் அவர் கண்முன்னே ஒரு சொட்டு விட்டோம். நிறம் மாறியது. பட்டறைக்காரர், "பையன் தகட்டை மாற்றி எடுத்துவிட்டான்" என்றார். அந்தப் பையன் யாரென்று கடைசிவரை காட்டவில்லை. இரண்டாவது தகடு சரியானது. அடியில் 18 மில்லிமீட்டர் பலகை கொடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கரண்டி வைத்தாலே தகரக் கொட்டகையில் மழை பெய்வது போல் அதிரும்.

மின்சாரம், சிம்னி, சன்னல் எல்லாம் சிக்கலின்றி முடிந்தன.

மேசைக்கு நடுவில் ஒற்றைக் கால். அமெரிக்க வடிவமைப்பாளர் ஈரோ சாரினென் 1957-இல் கொண்டுவந்த யோசனை. மேசைக்கடியில் கால்கள் முண்டியடிப்பது அவருக்கும் பிடிக்கவில்லை. எங்கள் ஆசாரி தேக்கில் கடைந்து தந்தார். அப்பா கையை ஊன்றியதும் ஆடியது. அடியில் இரும்புத் தகடு வைத்துக் கனம் கூட்டியதும் நின்றுவிட்டது. நாற்காலிகளுக்குச் சண்டிகர் அலுவலகங்களுக்காக சுவிஸ் கட்டடக் கலைஞர் பியர் ஜான்ரே வடிவமைத்தவை மாதிரி. தலைகீழ் வி வடிவக் கால்களை ஆசாரி ஒரே வாரத்தில் செய்துவிட்டார், பிரம்பு பின்னுகிறவரைத் தேடத்தான் இரண்டு மாதம் ஆனது. பிளாஸ்டிக் ஒயர் பின்னித் தருகிறேன் என்றவர்கள்தான் எத்தனை பேர்!

வெள்ளிக்கிழமை அரிசிம்பருப்புச் சாதம். அம்மா அடுப்பருகில் எட்டாமல் நின்று தாளித்தார்கள். அப்பா எழாமலே கைநீட்டி நெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டார். கிரைண்டருக்கு மட்டும் இன்னும் இடம் கிடைக்கவில்லை, பின்கட்டில் துணி மூடி உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்று. எல்லாம் முடிந்த பிறகு, சுவரில் டைல் ஒட்டியவர் தரையில் சிந்திய சிமெண்டைத் துடைக்கக் கழிவறை அமிலத்தை ஊற்றினார். "நிறுத்துங்கள்" என்று நான் ஓடிவருவதற்குள் வெள்ளைச் சில்லுகள் நுரைத்துவிட்டன. சிங்க் முன்னால், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு, மெருகு செத்த வட்டம். அதன்மேல் மிதியடி போட்டிருக்கிறேன். வீடு பார்க்க வருகிறவர்கள் யாரும் இதுவரை அதைத் தூக்கிப் பார்க்கவில்லை.